உங்க இஷ்டமுங்க

"உங்க இஷ்டம்" என்று ஒரு பெண் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? தமிழ் பேசுகிற எந்த வீட்டில் கேட்டாலும் பதில் தெரியும். சொன்னவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். கேட்டவர், புத்தியுள்ளவராக இருந்தால், கையில் எடுத்த காரியத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிடுவார். இதை ஓர் இயந்திரத்துக்குப் புரியவைக்க நான் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்கக் கத்த வேண்டியிருந்தது. கத்தி ஜெயித்தேன். அந்த ஜெயித்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். முழுக்கக் கேட்ட பிறகும் என்னைப் பாராட்டத் தோன்றினால் பாராட்டிக்கொள்ளுங்கள்.

என் பெயர் கோகிலவாணி. இலவச சட்ட உதவி மையத்தில் வக்கீல். கோர்ட்டில் என்னைக் கோபக்காரி என்பார்கள். பேசுகிறவர்கள் பேசட்டும். கோபப்பட வேண்டிய இடத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க எனக்கு வராது. இது நடந்த ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் என் மேலேயே வழக்குப் போடுவார்கள், அதற்கு வாதாட இன்னொரு கோபக்காரியை நான் தேடிப் போக வேண்டும்.

மையத்தின் போனுக்கு ஒரு காலையில் அழைப்பு வந்தது. எடுத்ததும் பெயர், ஊர் எதுவும் இல்லை. நேராக ஒரு கேள்விதான்.

"ஏனுங்க, வேண்டாம்னு எத்தன தடவ சொன்னா அது வேண்டாமுங்க?"

பூங்கோதை அப்படித்தான் எனக்கு அறிமுகமானாள். தனியார் டவுன் பஸ் டிரைவர். எங்கள் பக்கத்தில் பெண் பஸ் ஓட்டினால் திரும்பிப் பார்த்த காலம் போய்விட்டது என்றாலும், இவள் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறுவதற்காகவே அடுத்த வண்டியை விட்டுவிட்டு நிற்கிற ஆட்கள் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவள் பிரேக் போடுவதே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாதாம். அவளுக்கு இளம் வயதிலிருந்தே மனம் ஏறி இறங்குகிற வியாதி. ஏறினால் தூக்கம் போய்விடும், பேச்சு நிற்காது. இறங்கினால் படுக்கையை விட்டு எழ முடியாது. ஒரே ஒரு மாத்திரை அவளை வருஷக்கணக்காக நேராக வைத்திருந்தது. அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்க ஆரம்பித்ததால் நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்தியதும் தூக்கம் குறைந்தது. குறைகிறது என்று தெரிந்த உடனே, யாரும் சொல்லாமல், லீவு சொல்லிவிட்டுத் தானே பஸ் ஏறிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டாள். வேறொரு மாத்திரைக்கு மாற்றும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் போனாள்.

ஆஸ்பத்திரிக்கு வேறு யோசனை இருந்தது. சமனி என்று ஒன்றைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கழுத்தடியில் காறை எலும்புக்குக் கீழே ஒரு சின்ன டப்பி, அதிலிருந்து மூளைக்கு ஒரு கம்பி. மனம் ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. பொருத்திய ஒரு வாரத்தில் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம், படுக்கை காலியாகும். சிலருக்கு அது பெரிய வரம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூளையில் கம்பி உள்ளவர் பயணிகள் வண்டி ஓட்டக் கூடாது என்று போக்குவரத்துத் துறை சொல்லிவிட்டது. பொருத்திய அன்றே லைசென்ஸ் ரத்து. பூங்கோதைக்குக் கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை. அந்த ஸ்டியரிங்தான் அவளுக்கு எல்லாம். வேண்டாம் என்றாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் அங்கே தெளிவுமானி இருந்தது.

மனநோயாளி தன் சிகிச்சையைத் தானே முடிவு செய்யத் தகுதியானவரா என்று ஒரு காலத்தில் டாக்டர்கள் பேசிப் பார்த்துச் சொல்லுவார்கள். ஒருத்தர் தகுதி உண்டு என்பார், இன்னொருத்தர் இல்லை என்பார். நோயாளி ஏழையாக இருந்தால், பெண்ணாக இருந்தால், எதிர்த்துப் பேசினால் பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். பெரிய வழக்குகள் நடந்தன. மனுஷர் மனசில் பாரபட்சம் இருக்கிறது, எனவே மனுஷர் சொல்ல வேண்டாம், மெஷின் சொல்லட்டும் என்று சட்டமே வந்துவிட்டது. அந்த மெஷின்தான் தெளிவுமானி. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். மேஜையில் வைத்துவிட்டு நோயாளியிடம் பேச வேண்டும். சொன்னதை அவர் புரிந்துகொண்டாரா, நினைவில் வைத்தாரா, நல்லது கெட்டதை எடை போட்டாரா என்று பேச்சைக் கேட்டே கணக்குப் போடும். தகுதி இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பச்சை வந்தவர் சொல்வதே முடிவு. சிவப்பு வந்தால் குடும்பத்தார் முடிவு செய்வார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? நான் போய்ப் பார்த்த அன்று பூங்கோதை எனக்கு மீதியை விளக்கினாள். பார்வையாளர் அறையில் எதிரே உட்கார்ந்திருந்தாள். நல்ல உயரம், வாரி முடித்த தலை, தூக்கமில்லாத கண்கள். கால் மட்டும் கீழே ஆடிக்கொண்டே இருந்தது. பேச்சு கொஞ்சம் வேகம்தான். ஆனால் ஒரு சொல் தடம் மாறவில்லை.

"மொத நாளே பச்சைதானுங்க வந்துது அக்கா. நான் வேண்டாம்னேன், மெசினும் இந்தம்மாவுக்குத் தெளிவு இருக்குதுன்னு சொல்லிப்போட்டுது. சாயங்காலம் டாக்டர் மறுபடி வந்தாருங்க. என்னங்க சார்னு கேட்டா, வேண்டாம்னு சொன்னா மறுபடி கேக்கணுமாம். வேண்டாங்கறதே வியாதியா இருக்கலாமாம்."

"சரின்னு சொன்னா?"

"சொன்னா ஒரே தடவ தானுங்க. பக்கத்து பெட்டுல ஒரு பாட்டிம்மா. என்ன கேட்டாலும் 'ஆகட்டுங்க சாமி'ங்கும். இன்னிக்கு என்ன கெழமைன்னு அதுக்குத் தெரியாது. அதுகிட்ட மெசின வெக்கவே இல்லீங்க. சம்மதிக்கறவங்கள எதுக்கு அளக்கோணும்னுட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டப் புத்தகத்தை அங்கேயே திறந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. மறுப்பைத் திரும்பத் திரும்ப உறுதி செய்ய விதி இருக்கிறது. சம்மதத்தை உறுதி செய்ய எந்த விதியும் இல்லை. இதை எழுதிய மகானுபாவர்கள் எந்த அறையில் உட்கார்ந்து என்ன பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு எழுதினார்களோ.

ஆக, காலையும் மாலையும் டாக்டர் வருவார், பெட்டியை வைப்பார், சமனியின் நன்மைகளைச் சொல்வார், கேட்பார். இவள் வேண்டாம் என்பாள். பச்சை எரியும். அவர் போவார், மறுபடி வருவார். ஒரு நாள் மாலை, கண்ணில் மணல் போட்டதுபோல எரிகிறபோது, இவள் பொறுமை போய்விட்டது. அவள் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் வழக்கே இந்த வார்த்தைகளில்தான் நின்றது.

"சொல்லிச் சொல்லி வாயே வலிக்குதுங்க சார். உங்க இஷ்டமுங்க. என்னமோ பண்ணிக்கோங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெட்டி பச்சை காட்டியது. கீழே எழுத்து ஓடியது: தகுதி உண்டு. சம்மதம் பெறப்பட்டது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். மறுநாள் நர்ஸ் வந்து தலைமுடியை மழிப்பதைப் பற்றிப் பேசியபோதுதான் இவளுக்கே தெரிந்தது. பதறிப்போய் நான் எங்கே சம்மதித்தேன் என்றால், பெட்டியைக் காட்டுகிறார்கள். பச்சையில் கொடுத்த சம்மதத்தை வாபஸ் வாங்க வேண்டுமானால் மறுஆய்வுக் குழுவுக்குத்தான் போக வேண்டுமாம். அப்போதுதான் வார்டு போனிலிருந்து எங்களைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"வக்கீலக்கா, நான் வியாதிக்காரிதான். இல்லீன்னு சொல்லல. வியாதிக்காரி வேண்டாம்னா அது வேண்டாம் இல்லீங்களா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, லைசென்ஸ் உன்னிடமே இருக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வெளியே வராந்தாவில் அவள் அண்ணன் குமரேசன் நின்றிருந்தார். வில்லன் என்று எண்ணிவிடாதீர்கள். தங்கை ஏறி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் கூடவே ஏறி இறங்கிக் களைத்த மனுஷர். மாத்திரை மாத்திரை என்று இன்னும் எத்தனை வருஷம், ஒரே தடவையில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறபோது ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று என்னிடமே கேட்டார். பஸ் ஓட்டாவிட்டால் என்ன, எங்கள் வீட்டில் சோறு இல்லையா என்றார். சோற்றுக்காகத்தான் அவள் ஓட்டுகிறாள் என்று நினைக்கிறவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

விசாரணை ஆஸ்பத்திரியின் கூட்ட அறையிலேயே நடந்தது. மறுஆய்வுக் குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி, எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். அவருக்கு இரண்டு பக்கமும் ஒரு மனநல மருத்துவரும், சமூக சேவகி என்ற முறையில் ஓர் அம்மையாரும். ஆஸ்பத்திரிக்காக சீனியர் வக்கீல் வரதராஜன். குரலை உயர்த்தாமல் ஆளை முடிக்கிறவர். தெளிவுமானியைச் செய்த கம்பெனி சார்பில் பிரசன்னா என்று ஓர் இன்ஜினியர். பூங்கோதை என் பக்கத்தில். குமரேசன் பின் வரிசையில்.

பதிவைப் போட்டுக் காட்டினார்கள். "உங்க இஷ்டமுங்க" என்ற அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது. சமூக சேவகி அம்மையார் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தலைவருக்கும் புரிந்துவிட்டது. அந்த அறையில் புரியாமல் இருந்தது மேஜை மேலிருந்த பெட்டி ஒன்றுதான்.

இன்ஜினியரைக் கூண்டில் ஏற்றினேன். கூண்டு என்று ஒன்றும் இல்லை, நாற்காலிதான். பெட்டி எப்படித் தமிழ் கற்றது என்று கேட்டேன். வாடிக்கையாளர் சேவை மையங்களுக்கு வருகிற போன் பேச்சுகள், டிவி விவாதங்கள், பேட்டிகள் என்று பெருமையாகச் சொன்னார். அவற்றில் "உங்க இஷ்டம்" என்று வருகிற இடமெல்லாம், முடிவை எதிராளியிடம் ஒப்படைப்பதாகத்தான் இருந்ததாம். "பண்ணிக்கோங்க" என்பது அனுமதியாம். போதாக்குறைக்கு வாக்கியத்துக்கு வாக்கியம் "ங்க" போட்டிருக்கிறாள், மரியாதை தொனிக்கிறது, மரியாதை இருந்தால் இணக்கம் கூடும் என்று பெட்டி எடுத்துக்கொள்ளுமாம்.

எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போதுகூட "போங்க" என்றுதான் தள்ளுவார்கள் என்று சொன்னேன். தலைவர் இருமலில் சிரிப்பை மறைத்தார்.

பிறகு பிரசன்னாவிடம் கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டேன். வரதராஜன் ஆட்சேபித்தார். தலைவர் பதில் சொல்லட்டும் என்றார். ஆகிவிட்டது.

"நீங்க ஒரு காரியம் பண்ணணும்னு நிக்கறீங்க. உங்க வீட்டம்மா வேண்டாங்கறாங்க. நீங்க விடல. கடைசில அவங்க 'உங்க இஷ்டம், என்னமோ பண்ணிக்கோங்க'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கறாங்க. அடுத்து நீங்க என்ன பண்ணுவீங்க?"

பாவம், நல்ல பையன். பொய் சொல்லத் தெரியவில்லை. கம்பெனியின் மேல் அதிகாரி பின்னால் உட்கார்ந்திருப்பதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் காரியத்த விட்டுடுவேன் மேடம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. குழுவினர் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். பூங்கோதையின் பேச்சை இயந்திரம் தவறாகப் புரிந்துகொண்டது நிரூபணமாகிறது, பதிவான சம்மதம் செல்லாது என்று தலைவர் அறிவித்தார். பூங்கோதை என் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்த ஒரு நிமிஷம் நான் உலகத்தையே ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

வரதராஜன் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சக வழக்கறிஞரின் வாதத்தை முழு மனதோடு ஏற்கிறேன் என்றார்.

"நோயாளியோட பேச்சு இயந்திரத்துக்குப் புரியலைன்னு அம்மா அழகா நிரூபிச்சுட்டாங்க. புரியாத பேச்சை வெச்சுக்கிட்டு, தகுதி உண்டுன்னு மட்டும் அது எப்படிச் சொல்லியிருக்க முடியும்? சம்மதம் செல்லாதுன்னா பச்சையும் செல்லாது. முதல் நாள்லேர்ந்து வந்த எந்தப் பச்சையும் செல்லாது. அப்ப இவங்க அளக்கப்படாத உள்நோயாளி. அளக்கப்படாதவங்களுக்கு விதி என்ன சொல்லுதுன்னு தலைவருக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை."

விதி என்ன சொல்கிறது என்று எனக்கும் தெரியும். அளக்கப்படாத உள்நோயாளி மறுத்தால் குடும்பத்தார் முடிவு செய்வார்கள்.

என் வாதத்தையே எடுத்து அவளைக் கட்டிப்போட்டுவிட்டார். நான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. அவள் வேண்டாம் என்றபோதெல்லாம் புரிந்த பெட்டிக்கு, கடைசியில் மட்டும்தானே காது கெட்டுப்போனது என்றேன். அது எங்களுக்குத் தெரியாது, பெட்டிக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று யார் சொல்ல முடியும் என்றார் வரதராஜன். சொல்ல இன்ஜினியராலும் முடியவில்லை. மன்னித்துவிடுங்கள் மேடம் என்று என்னைப் பார்த்து முனகினார். அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நேராகக் குழுவைப் பார்த்துக் கேட்டேன். உங்கள் மூன்று பேருக்கும் தமிழ் தெரியும். அந்தப் பதிவைக் கேட்டபோது உங்களுக்குப் புரிந்தது, உங்கள் முகத்தைப் பார்த்தேன். இதோ உட்கார்ந்திருக்கிறாள். பேசிப் பாருங்கள். வேண்டுமென்கிறாளா வேண்டாமென்கிறாளா, யோசித்துச் சொல்கிறாளா உளறுகிறாளா என்று உங்கள் காதால் கேட்டு எழுதுங்கள் என்றேன்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் நன்றாக இல்லை.

"எனக்குப் புரியுதுங்க வக்கீலம்மா. ஆனா எனக்குப் புரிஞ்சத நான் எழுத முடியாது. மனுசங்க அபிப்பிராயம் ஆவாதுன்னுதான் சட்டத்த மாத்துனாங்க. இப்ப நான் எம்பட காதுல கேட்டேன்னு எழுதினா, நாளைக்கே மேல் கோர்ட்டுக்குப் போயி உத்தரவ அடிச்சுப்போடுவாங்க."

இதை என்னவென்று சொல்வது? தமிழ் தெரிந்த மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில்தான் அவள் பேசுகிறாள். அவர்களுக்குப் புரிந்தது கணக்கில் சேராது. புரியாத பெட்டி ஒன்றுதான் சாட்சி, அந்தச் சாட்சிக்கும் புரியவில்லை என்று நானே நிரூபித்துவிட்டேன். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

குமரேசனை முன்னால் அழைத்தார்கள். சம்மதப் படிவம் தயாராக இருந்தது. நான் அவரிடம் கெஞ்சினேன். கோபக்காரி கோகிலவாணி ஒருத்தரிடம் கெஞ்சியது அன்றைக்குத்தான். அவர் என்னைப் பார்க்கவில்லை. பூங்கோதை தணிந்த குரலில், "அண்ணா, எனக்கு வேண்டாம்" என்றாள். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "உன்ற நல்லதுக்குத்தான் பாப்பா" என்றார். கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவுதான் என்று ஃபைலை மூடினேன். பூங்கோதை மூடவில்லை. எழுந்து நின்றாள். கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று கேட்கலாமா என்றாள். தலைவர் கேளுங்கள் என்றார்.

"எங்கண்ணன் இப்ப கையெழுத்துப் போட்டாருங்களே. அவருக்கு இந்த மெசின வெச்சுப் பாத்தீங்களா?"

தேவையில்லை என்றார் தலைவர். ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இல்லாத எவருக்கும் தகுதி உண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், அதை நிரூபிக்க வேண்டியதில்லை என்று பொறுமையாக விளக்கினார்.

"அப்ப வெளிய இருக்கறவங்க எல்லாருக்கும் தெளிவு இருக்குதுங்களா?"

"அப்படித்தாம்மா எடுத்துக்கோணும்."

"நானா வந்து சேந்தவ நானு. யாரும் இழுத்துட்டு வரல. எந்திரிச்சுப் போனா தடுப்பீங்களா?"

நான் ஃபைலை மறுபடி திறந்தேன். தானாக வந்து சேர்ந்தவர் தானாகக் கிளம்பலாம். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று டாக்டர் எழுதியிருந்தால்தான் நிறுத்த முடியும். இவளைப் பார்த்துவந்த வார்டு டாக்டரோ அப்படி ஆபத்து எதுவும் இல்லை, நோயாளி அமைதியாக ஒத்துழைக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆபரேஷனுக்கு அப்படி இருந்தால்தான் வசதி. வரதராஜனும் அதே பக்கத்தைத்தான் புரட்டினார். புரட்டிவிட்டு மூடினார்.

தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். போகலாம். ஆனால் ஆஸ்பத்திரி சொல்லை மீறிப் போகிறவருக்குப் படுக்கையும் கிடையாது, மருந்தும் கிடையாது. புது மாத்திரை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்ட வேண்டியது, வீட்டில் வைத்துச் செய்கிற காரியமில்லை. பக்கத்திலிருந்த மனநல மருத்துவரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். யோசிக்கச் சொன்னார்கள்.

"யோசிச்சுத்தானுங்க கேக்கறேன்" என்றாள் பூங்கோதை.

நாங்கள் வெளியே வந்தபோது உச்சி வெயில். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார். கேட்டுக்கு உள்ளே ஒரு அடி இருக்கும்வரை அவளுக்குப் புத்தி இல்லை. ஒரு அடி வெளியே வைத்ததும் வந்துவிட்டது. எந்தக் கோயிலில் எந்தச் சாமியும் இவ்வளவு சீக்கிரம் வரம் கொடுத்ததில்லை. உள்ளே இருந்தால் வைத்தியம் உண்டு, வாய் கிடையாது. வெளியே வந்தால் வாய் உண்டு, வைத்தியம் கிடையாது. இரண்டில் ஒன்றைத்தான் கொடுப்போம் என்கிறார்கள். இதற்குப் பெயர் நோயாளியின் உரிமைப் பாதுகாப்புச் சட்டம்! வாயில் நல்ல வார்த்தைகளாக வந்தன. காவலாளி பாவம் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

குமரேசன் பின்னாலேயே ஓடி வந்தார். பாப்பா, வீட்டுக்கு வா என்றார். அவள் கோபப்படவில்லை. இப்போது வேண்டாம் அண்ணா, உங்கள் மேல் வருத்தம் இல்லை, அப்புறம் வருகிறேன் என்றாள். அவர் நின்றுவிட்டார்.

பஸ் ஸ்டாப் நிழலில் உட்கார்ந்தோம். அப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தேன். விசாரணையில் இழுத்துப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் தளர்ந்துவிட்டது. கால் ஆடியது, விரல்கள் புடவை நுனியைச் சுருட்டின, பேச்சு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. வெயிலைப் பற்றி, எதிரே நின்ற லாரியின் டயரைப் பற்றி, பாட்டிம்மாவின் ஆபரேஷன் என்றைக்கு என்பதைப் பற்றி, மறுபடி டயரைப் பற்றி. வியாதி உண்மை. அதை நான் மறைக்கப் போவதில்லை. வைத்தியம் வேண்டும் என்று அவளே நடந்து வந்தாள், கிடைக்காமல் அவளே நடந்து வெளியே வந்திருக்கிறாள். கோபிசெட்டிபாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டருக்குப் போன் செய்தேன். படுக்கை எதுவும் அவரிடம் இல்லை. மாலை வந்தால் பார்க்கிறேன், யாராவது கூடவே இருக்க முடியுமா என்று கேட்டார். நான் இருக்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்போது அவள் போன் அடித்தது. பஸ் முதலாளி சென்னியப்பன். நான் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டாள். அவர் குரலில் ஆஸ்பத்திரி, விசாரணை எதுவும் தெரிந்த மாதிரி இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். கோயில் நோம்பி ஆரம்பித்துவிட்டது, கூட்டம் தாங்கவில்லை, மாற்று டிரைவர் வேறு ஊருக்குப் போய்விட்டான், வண்டி நின்றுகொண்டிருக்கிறது என்றார். பூங்கோதை வந்துவிட்டால் நாளைக்கு எடுத்துவிடலாம் என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். லைசென்ஸ் அவளிடம் இருந்தது. யாரும் ரத்து செய்யவில்லை. சட்டப்படி அவளுக்குப் புத்தி தெளிவாக இருந்தது, எந்தப் பச்சையும் தேவையில்லை. அந்த ஸ்டியரிங்குக்காகத்தான் இவ்வளவும். அவள் ஆடுகிற காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. நான் இப்ப வண்டி எடுக்கற நெலமைல இல்லீங்க. தூக்கம் வரட்டும், நானே சொல்றேன்."

எத்தனை பயணிகள் காத்திருக்கிறார்கள் என்று அவர் சொல்லப் போகிறார், கொஞ்சம் யோசித்துப் பார் என்பார், சாயங்காலம் மறுபடி கூப்பிடுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அப்ப வேண்டாஞ்சாமி" என்றார் சென்னியப்பன். "மொதல்ல உடம்பப் பாரு." வைத்துவிட்டார்.

பூங்கோதை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே தடவ தானுங்க சொன்னேன், அக்கா" என்றாள்.